திரை வாங்குமுன்

கொல்லிமலைச் செம்மேட்டில் மிளகு விற்ற பணத்தோடு வந்த தந்தை ஒருவர், "மகன் கணினியில் விளையாட 4கே திரை கேட்கிறான், சாமி, வாங்கலாமா?" என வினவினார். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள. 4கே திரையிலோ நான்கு மடங்கு. அத்தனையையும் நொடிதோறும் பன்முறை வரைய வேண்டியது கணினிக்குள்ளிருக்கும் கிராபிக்ஸ் கார்டே. அது வலுவற்றதாயின், 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிகைபாரத்தோடு ஏறும் லாரியின் கதிதான்! மகனுடைய கார்டோ நடுத்தரமானது.

144 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 144 முறை காட்சியைப் புதுப்பிக்கும். 60 ஹெர்ட்ஸ் திரை 60 முறையே. கார்ப்பந்தய விளையாட்டில் இவ்வேறுபாடு கண்ணுக்கு நன்கு புலனாகும். ஆகவே 24 அங்குலத்தில் 1920×1080, 144 ஹெர்ட்ஸ் போதுமென்றேன். பையன் முகம் சற்றே வாடிற்று. வாங்கியபின் விண்டோஸ் அமைப்பில் 144-ஐத் தேர்ந்தெடுக்க மறவாதீர்; பல வேளைகளில் அது 60-இலேயே நின்றுவிடுகிறது.