கழிவுச் சேறும் எரிவாயுவும்

பாவுக்கு இடும் கஞ்சியின் அருமையை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அக்கஞ்சிக்கு மாவு தரும் மரவள்ளிக் கிழங்கு, சேலம் பகுதி ஆலைகளில் ஜவ்வரிசியாகும்போது புளித்த நீர் ஏராளமாக வெளியேறுகிறது. அந்நீரைக் காற்றுப் புகாத கலங்களிலிட்டு எரிவாயு எடுக்கும் ஆலைகள் அங்கே உள்ளன. வரவேற்கத்தக்கதே.

ஆயினும், காற்றூட்டிச் சுத்திகரிக்கும் தொட்டிகளில் திரளும் சேறு அவ்வளவு எளிதில் வாயு தருவதில்லை. அச்சேற்றில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் உடலே. அவற்றின் தடித்த உறை கரைவதற்கே பல நாட்கள் செல்லும். பருத்திவிதையை ஊறவைத்து ஆட்டியன்றோ கறவை மாட்டுக்கு வைக்கிறோம்? சேற்றுக்கும் அப்பக்குவம் வேண்டும்.

வெப்பம், சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா, அரைத்தல், கேளா ஒலி எனப் பல முறைகள் உள. நார்வே நாட்டு ஹாமர் நகரில் 1990களின் நடுவிலேயே சுமார் 160 டிகிரி வெப்பத்தில் அழுத்தக் கலங்களில் சேற்றை வேகவைக்கத் தொடங்கினர். சிற்றாலைகளுக்கு அது கட்டுப்படியாகாது. எஞ்சினிலோ கொதிகலனிலோ வீணாகும் வெப்பத்தால் 60, 70 டிகிரியில் சில மணி நேரம் வைப்பதே நமக்கு உகந்ததெனக் கருதுகிறோம். விறகு வாங்கிச் சூடேற்றினால், மிகுதியாகக் கிடைத்த வாயு விறகுக் கடைக்கே போய்ச் சேரும்! காஸ்டிக் சோடா மிஞ்சினாலோ வாயு தரும் நுண்ணுயிர்களே நலியும்.

விற்பனைக்காக 1981இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். சேற்றுக்கும் பொதுக் கலம் ஏன் கூடாது? சிவகிரி வட்டார அங்கத்தினர் எவரேனும் இத்தகைய கலத்துக்குக் கடன் கோரினால், வெப்பம் எங்கிருந்து வரும் என்ற கணக்கையும் மனுவுடன் இணைப்பாராக. அஃதின்றிப் பரிந்துரைக்க நமக்கு மனமில்லை.