கறுப்புத் துணியில் வெள்ளைப் பழி

கார்த்திகை முதல் தேதி பிறந்துவிட்டால் போதும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மொட்டை மாடிக் கொடிகளின் நிறமே மாறிவிடும். எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நீலச் சட்டை! மாலை போட்டவர்களுக்கு மண்டல விரதம் 41 நாள். இரண்டு வேளையும் ஸ்நானம். தினமும் துவைத்து உலர்த்திய உடை. வீட்டில் இருப்பதோ இரண்டே செட். பத்து நாள் போவதற்குள் அந்தக் கறுப்பு வேட்டியின்மேல் மாவு தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

உடனே வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. "வேலைக்கார அம்மா சரியாக அலசவில்லை" என்கிறார் ஒருவர். "கடைக்காரன் மட்டச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் இன்னொருவர். "இஸ்திரிக்காரர் பெட்டியைத் துடைப்பதே இல்லை" என்று மூன்றாவது குரல். கடைசியில் புது வேட்டிக்கு ஒரு செலவு. பாவம், யாரோ ஒருவருக்கு வசவு! சகோதரிகளே, தீர்ப்புச் சொல்லும் முன்பு உண்மையான குற்றவாளி யார் என்று பார்த்துவிடுவோமா?

கறுப்பின்மேல் தெரியும் வெள்ளையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பஞ்சுப் பிசிறு, மற்றொன்று உப்பு. நன்றாக உலர்ந்த துணியின்மேல், லேசாக ஈரம் தொட்ட உள்ளங்கையை ஒரே திசையில் தேய்த்து இழுங்கள். தும்பு தும்பாகச் சுருண்டு வந்தால் பிசிறு. அப்படி வராமல், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் அது தண்ணீரும் சோப்பும் விட்டுச் சென்ற படிவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் பிசிறுக்கு மேலும் மேலும் சோப்புப் போடுவதால்தான் நோய் முற்றுகிறது!

முதலில் பிசிறைக் கவனிப்போம். பருத்தி நூல் என்பது சின்னச் சின்ன இழைகளை முறுக்கிச் சேர்த்ததுதான். ஓர் இழையின் நீளம் பெரும்பாலும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர். துவைக்கும்போது உராய்ந்து, முறுக்கில் சரியாகப் பிடிபடாத குட்டை இழைகள் கழன்று வருகின்றன. ஆவடிக்காரர்களுக்கு உடுப்பு விஷயம் புதிதல்ல. ராணுவத்தினருக்கு உடை தைக்கும் தொழிற்சாலை 1961 முதல் அங்கே இருக்கிறது. மில்களில் நல்ல துணியை நெருப்பு ஜ்வாலையின்மேல் வெகு வேகமாக ஓட்டி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தும்பைப் பொசுக்கிவிடுவார்கள். ஆனால் டர்க்கித் துண்டுக்கு இது சரிப்படாது. அந்தச் சுருள் நூல்தானே ஈரத்தை உறிஞ்சுகிறது? ஆகையால் பிசிறு விடுவதில் முதல் ஆசாமி டர்க்கித் துண்டுதான். அதிலும் புதுத் துண்டு முதல் நாலைந்து சலவைக்குப் பஞ்சு மழையே பொழியும். அதற்கடுத்தபடி பனியன், பிறகு சட்டைப் பையில் மறந்துபோன பஸ் டிக்கெட்டும் காகிதக் கைக்குட்டையும்.

பாலியெஸ்டர் கலந்த துணிக்கு இன்னொரு குணம். உராய்ந்தால் அதில் மின்சாரம் ஏறிக்கொள்ளும். எங்கேயோ கிடக்கிற தும்பைக்கூட வா வா என்று இழுத்துக்கொள்ளும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளையின் கறுப்புப் பேண்ட் அப்படித்தான் பாழாகிறது.

ஆகவே, கறுப்பையும் டர்க்கித் துண்டையும் ஒரே வாளியிலோ ஒரே மெஷினிலோ போடாதீர்கள். பைகளை உதறிவிட்டு, துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். மெஷினில் துணியைத் திணிக்க வேண்டாம். தண்ணீரில் புரள இடமிருந்தால்தான் தும்பு கழன்று போகும். மேலிருந்து துணி போடும் மெஷினில் வலைப் பை இருக்கும். முன்கதவு மெஷினில் வடிகட்டி அடியில் இருக்கும். அதை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். எடுத்த தும்பைச் சாக்கடையில் அலசிவிடாமல் குப்பைக் கூடையில் போடுங்கள். பாலியெஸ்டர் இழை எளிதில் மக்காது. சாக்கடை வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும்.

ஏற்கெனவே ஒட்டிய பிசிறுக்கு, துணி உலர்ந்த பிறகு கொடியிலேயே ஓங்கி நாலு உதறு உதறுங்கள். மிச்சத்தை ஈரமான ரப்பர் கையுறையாலோ, ஒட்டும் பக்கம் வெளியே தெரியக் கையில் சுற்றிய பிளாஸ்டிக் டேப்பினாலோ எடுக்கலாம். முரட்டுப் பிரஷ் வேண்டாம். அது புதுத் தும்பைக் கிளப்பிவிடும்.

இனி உப்பு. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகின்றன. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. கடினம் ஏற ஏறக் கறுப்புத் துணி சாம்பல் பூக்கும். நாமோ சாயம் போய்விட்டது என்று எண்ணிவிடுகிறோம்!

இதற்கு வழி உண்டு. சோப்புப் பவுடரைத் துணியின்மேல் தூவாமல், ஒரு மக் வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கரைத்து ஊற்றுங்கள். அளவைக் குறையுங்கள். இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் ஒரு வாளி நீரில் இரண்டு மேஜைக் கரண்டி வெள்ளை வினிகர் விட்டு அலசிப் பிழியலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிளீச்சிங் பவுடரோ திரவமோ இருக்கும் இடத்தில் வினிகரைச் சேர்க்கவே கூடாது. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பிவிடும். அலசிய பின் நிழலில், உட்புறம் வெளியே தெரிய உலர்த்துங்கள். கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

உதிரும் ஒவ்வொரு பிசிறும் துணியின் ஆயுளில் ஒரு துளி என்பதையும் நினைவில் வையுங்கள். அடித்துத் துவைத்தால் அழுக்கோடு துணியும் அல்லவா போகிறது?

ஆக, வேலைக்கார அம்மா நிரபராதி, இஸ்திரிக்காரரும் நிரபராதி. துண்டும் தண்ணீரும்தான் குற்றவாளிகள். மாலை போட்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: வேட்டி உங்களுடையது. இவ்வளவையும் படித்த பிறகு, இந்த மண்டலத்தில் அதைத் துவைக்கும் கையும் உங்களுடையதாகவே இருந்தால் வீட்டில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்!