வேடத்தைத் துறந்தவர், மேடையைத் துறக்கவில்லை

சென்ற வாரம் தூத்துக்குடியில் என் மாணவர் ஒருவர் பாப் மார்லியின் முகம் அச்சிட்ட சட்டையுடன் வகுப்புக்கு வந்திருந்தார். ஜமைக்காவின் எளிய மக்களிடையே தோன்றிய ரஸ்தஃபாரி நம்பிக்கையை ரெகே இசையால் உலகெங்கும் கொண்டுசென்றவர், மறைவுக்கு முந்தைய ஆண்டான 1980இல் எத்தியோப்பியத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவர் என்று அவரைப் பற்றிச் சொன்னேன். "பாடகருக்குச் சாமியார் வேலை எதற்கு ஐயா?" என்றார் மாணவர். சாமியாராகவே வாழ்ந்த பாட்டாசிரியர் ஒருவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான் என்று சொல்லிப் பெயரையும் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். பின் தூத்துக்குடியில் உப்பு வணிகத்தில் கணக்கெழுதினார். இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்குப் போனார். இரணியன், எமன், சனீஸ்வரன் எனக் கொடிய பாத்திரங்களே அவருக்கு வாய்த்தன. அவ்வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணொருத்திக்குத் தீங்கு நேர்ந்ததென்றும், அன்றோடு அவர் வேடமிடுவதை விட்டாரென்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வதுண்டு.

இந்தத் துறவை நாம் ஒரு கிளைக்கதையாகக் கடந்துவிடுகிறோம். என் கருத்து வேறு. அவர் துறந்தது வேடத்தை, மேடையை அன்று. தான் மேடையில் நிற்காமல், பிறர் நிற்பதற்காகப் பாடல் இயற்றுவதும் பயிற்றுவதுமே அவருடைய தவமாயிற்று. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் லய நுட்பம் கற்றார். 1910இல் தொடங்கிய சபைக்கு வள்ளலாரை நினைவூட்டும்படி 'சமரச சன்மார்க்க' என்று பெயரிட்டார். 1918இல் மதுரையில் அமைந்த சிறுவர் குழு 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை'. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள். பாய்ஸ் கம்பெனி வாழ்வின் கடுமையை மறைப்பதற்கில்லை. ஆயினும் கூத்தாடி என்று ஊர் இகழ்ந்த தொழிலைக் குருகுலமாக நடத்த முனைந்தவர் அவர். பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த பின்னரும் குழுவை அவர் பிரியவில்லை. 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார்.

என் ஆதங்கம் நம் பாடத்திட்டங்களைப் பற்றியது. 'மனோன்மணீயம்' வெளிவந்தது 1891இல். ஏறத்தாழ அதே காலத்தில்தான் சுவாமிகளும் நாடகத்துக்கு வந்தார். படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம் பாடநூலாயிற்று. பாடுவதற்கென எழுதப்பட்ட 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத் திருவிழாப் பந்தலோடு நின்றுவிட்டது. அங்கே விடிய விடிய அமர்ந்து அதைக் கேட்பவர்களுள் நம் மாணவர்களின் பாட்டிமாரும் உண்டு. அவர்கள் மனனமாக வைத்திருப்பதை நாம் இலக்கியமென்று ஏற்காததற்கு, அது பாமரர் கேட்பது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. புலவர் மரபில் முறையாகத் தமிழ் கற்றவரின் எழுத்துக்கே இந்தக் கதி.

அடுத்த பருவத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே, 'வள்ளி திருமண'த்தை வகுப்பில் வாசிக்கலாமென்றிருக்கிறேன். மார்லி சட்டைக்காரர் தம் பாட்டியிடம் மெட்டுக் கேட்டுவந்து பாடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.