பீப்பாய்க்குள் விட்ட கோல்

இந்த வாரமும் அதே எரிச்சல்தான். தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் ஓடிய வரி: ‘பணவீக்கம் குறைந்தது, விலைவாசி இறங்கியது’. முதல் பாதி செய்தி. இரண்டாம் பாதி கற்பனை. 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 6 சதவீதம் ஏறினால் 106 ரூபாய். அடுத்த ஆண்டு ஏற்றம் 4 சதவீதமாகக் குறைந்தால் 110 ரூபாய் 24 காசு. பணவீக்கம் குறைந்துவிட்டது, கடைக்காரரிடம் கொடுப்பதோ இன்னும் நாலு ரூபாய் கூடுதல். இதையெல்லாம் இந்தப் பத்தியில் ஏற்கெனவே எழுதியாயிற்று. ‘கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அரசியல் எழுதுங்கள்’ என்று அதற்குக் கடிதமும் வந்தாயிற்று.

சரி, அரசியலே எழுதுகிறேன். 1972இல் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மறுதேர்தலுக்கு நின்றுகொண்டிருந்தார். பணவீக்கம் கூடும் வேகம் குறைந்து வருகிறது என்று அறிவித்தார். விலை ஒரு சார்பு என்றால், அது ஏறும் வேகமான பணவீக்கம் அதன் முதல் வகைக்கெழு. பணவீக்கம் கூடும் வேகம் இரண்டாவது. அந்த வேகம் குறைகிறது என்று சொல்ல மூன்றாவது வேண்டும். பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் ஓட்டுக் கேட்பதற்கு மூன்றாம் வகைக்கெழுவைத் துணைக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை என்று 1996இல் ஹியூகோ ராஸி என்ற கணிதவியலாளர் கிண்டலடித்தார். இப்படிப் பேச ஒரு பொய்யும் தேவையில்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம். விலையும் ஏறிக்கொண்டிருக்கலாம், பணவீக்கமும் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்த வாக்கியம் அப்போதும் உண்மையாகவே இருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து சில்வானஸ் தாம்ப்சன். ‘மறுபடியுமா!’ என்று முனகுகிறவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். அவருடைய நுண்கணித நூல் ‘கால்குலஸ் மேட் ஈஸி’ 1910இல் லண்டனில் மாக்மில்லன் வெளியீடாக வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர் என்பதற்கான மூன்று எழுத்து மட்டும்தான். எழுதியவர் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர், மின்பொறியாளர். 1916இல் அவர் காலமான பிறகே புத்தகத்தில் பெயர் ஏறியது. நூற்றாண்டு கடந்தும் அச்சில் இருக்கிறது. எளிமையான விஷயங்கள் எளிமையானவைதான் என்பதைப் பாடநூல் எழுதுகிறவர்கள் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முன்னுரையிலேயே சண்டைக்கு நிற்கிறார். ஓர் எழுத்தாளரிடம் எனக்கு முதலில் பிடிப்பது இந்தக் குணம்தான்.

நம் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன நடக்கிறது? வகைக்கெழுவைக் கண்டுபிடி, பூச்சியத்துக்குச் சமப்படுத்து, இரண்டாம் வகைக்கெழு குறை எண் என்றால் பெருமம், மிகை எண் என்றால் சிறுமம், அடிக்கோடிடு, அடுத்த கணக்கு. x-இன் முப்படியைக் கொடுத்தால் இந்த எந்திரம் திணறும். பூச்சியத்தில் அதன் முதல் வகைக்கெழுவும் பூச்சியம், இரண்டாவதும் பூச்சியம். உச்சியும் இல்லை, பள்ளமும் இல்லை. முன்னும் ஏற்றம், பின்னும் ஏற்றம். நடுவில் ஒரு கணம் மட்டும் படுக்கை. அந்தப் புள்ளிக்கு இருபுறமும் சாய்வின், அதாவது முதல் வகைக்கெழுவின், குறியைப் பார்த்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. மிகையாக இருக்கும் வரை ஏறுகிறது. குறையாக இருந்தால் இறங்குகிறது. மிகையிலிருந்து குறைக்கு மாறும் இடம் உச்சி. மொத்தப் பாடமும் இவ்வளவுதான்.

தாம்ப்சனின் பெருமம், சிறுமம் அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கெப்ளர் நினைவுக்கு வந்தார். பணவீக்கத்தை இத்தோடு விட்டுவிடுவோம்.

கோள்களின் பாதையை வகுத்த யோகான்னஸ் கெப்ளர் 1613இல் இரண்டாவது முறையாகத் திருமணம் செய்துகொண்டார். அப்போது ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தார். அந்த ஆண்டு நல்ல விளைச்சல்; டான்யூப் ஆற்றங்கரையில் திராட்சை மதுப் பீப்பாய்கள் வந்து குவிந்திருந்தன. புதுக் குடித்தனத்துக்கென்று சிலவற்றை வாங்கிப் போட்டார். சில நாளில் வியாபாரி ஒரு கோலோடு வந்தார். பீப்பாயின் வயிற்றில் இருக்கும் அடைப்புத் துளை வழியாகக் கோலைக் குறுக்கே சாய்த்து விட்டு, எதிர்ப்பக்க அடி ஓரத்தைத் தொடவைத்தார். கோல் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார், விலையைச் சொன்னார். எல்லாப் பீப்பாய்க்கும் அதே கோல்தான். குட்டையா, நெட்டையா, பருமனா, எதையும் அவர் பார்க்கவில்லை.

கெப்ளருக்கு உறுத்தியது. ஒடுக்கமாக நீட்டி அடித்த பீப்பாயிலும் கோல் அதே அளவுக்குப் போகுமே, உள்ளே மதுவோ கொஞ்சமாகத்தானே இருக்கும்? வேறு யாராக இருந்தாலும் வியாபாரியோடு சண்டை போட்டிருப்பார்கள். இவர் உட்கார்ந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். மதுப் பீப்பாய்களின் கன அளவு பற்றிய அந்த லத்தீன் நூல் 1615இல் லின்ஸிலேயே அச்சானது. நுண்கணிதத்தை உருவாக்கிய நியூட்டனும் லைப்னிட்ஸும் அப்போது பிறக்கவே இல்லை.

நாமும் போட்டுப் பார்க்கலாம். பீப்பாயை உருளை என்று வைத்துக்கொள்வோம். கோல் 10 அலகு, பீப்பாயின் நீளத்தில் பாதி x. பிதாகரஸ் தேற்றப்படி விட்டத்தின் வர்க்கம் 100-லிருந்து x-வர்க்கத்தைக் கழித்தது. மாறிலியை ஒதுக்கிவிட்டால், கொள்ளளவு அதை x-ஆல் பெருக்கியது. x 1 என்றால் 99. 2 என்றால் 192. 3-இல் 273, 4-இல் 336, 5-இல் 375, 6-இல் 384. பிறகு 7-இல் 357, 8-இல் 288. முதல் அடி எடுத்து வைத்ததும் 93 கூடியது. 5-லிருந்து 6-க்குப் போனால் வெறும் 9. சாய்வு பூச்சியமாகும் இடம் ஏறக்குறைய 5.77. அங்கே பீப்பாயின் நீளம் விட்டத்தைப் போல் 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். கொள்ளளவு கிட்டத்தட்ட 385.

ஆஸ்திரியத் தச்சர்கள் பரம்பரையாக அடித்த பீப்பாய்கள் இந்த விகிதத்தை ஒட்டியே இருந்தன. அதைக் கண்டுதான் கெப்ளர் வியந்தார். இன்னொன்றையும் கவனித்தார்: உச்சியின் இரு பக்கமும் இறக்கம் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. ஐந்தரையிலும் 384-க்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆறிலும் 384. தச்சரின் கை சற்றே பிசகினாலும் வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை. வியாபாரியின் கோல் நேர்மையாக இருந்ததற்கு அவருடைய நல்ல மனசு மட்டும் காரணமில்லை. உச்சியருகே சாய்வு செத்துப்போய்விடுகிறது.

ஆனால் இந்தத் தாராளத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. 5-இலும் கொள்ளளவு 375, ஆறரையிலும் 375. அளவை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே பீப்பாய். சாய்வைக் கேட்டுப் பாருங்கள்: முதலாவதில் மிகை 25, இரண்டாவதில் குறை 27-ஐ ஒட்டி. முதல் பீப்பாயை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். இரண்டாவதை நீட்ட நீட்ட மது குறையும். உச்சியைத் தாண்டி 6-க்கு வந்த பீப்பாயில் நட்டம் 385-க்கு ஒன்று, யாருக்கும் உறைக்காது. சாய்வோ குறை 8 ஆகி, திசை மாறிவிட்டதை அப்போதே சொல்லிவிட்டது.

வினாத்தாள் தயாரிக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இந்த இரண்டு 375 பீப்பாய்களையும் கொடுங்கள். எதை நீட்டலாம், எதை நீட்டக்கூடாது, ஏன் என்று மட்டும் கேளுங்கள். ஒரு சூத்திரமும் எழுதாமல் சரியான காரணத்தைச் சொல்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.