ஒட்டி மூடிய சௌகரியம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவின் கடைவரிசை ஒன்றில், கைப்பேசி பழுதுபார்க்கும் சிறிய கடையின் முன்னே நின்று, வாங்கிச் சில ஆண்டுகளே ஆன என் கைப்பேசியின் பேட்டரியை மாற்றித் தர வேண்டுமென்று அண்மையில் கேட்டேன். பின்புறக் கண்ணாடியைச் சூடேற்றிப் பசையை இளக்கினாலன்றித் திறக்க இயலாதென்றும், திறக்கையில் கண்ணாடி உடைந்தால் தாம் பொறுப்பேற்க முடியாதென்றும் கடைக்காரர் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. தொழிலின் இடரை நேர்மையாக எடுத்துரைத்தார். கோபம் மூண்டது, உடன் வந்திருந்த என் அக்காள் மகன் வாய் திறந்தபோதுதான். நாள்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பொறியியல் பணி பார்த்துத் திரும்பும் படித்த பிள்ளை அவன். “ஒட்டி மூடாவிட்டால் தண்ணீர் புகுந்துவிடும், மாமா. நல்ல போன் வேண்டுமானால் இதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும், பேசாமல் புதிது வாங்கிவிடுங்கள்” என்றான்.

இது ஒருவனுடைய அபிப்பிராயமாக இருந்தால் வீட்டோடு பேசி முடித்திருப்பேன். கல்யாண மண்டபப் பந்தியிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும், கைப்பேசியைப் பற்றிப் பேச்செழுந்த இடமெல்லாம் ஜனங்கள் ஒரே குரலில் ஓதும் வேதவாக்காக இது ஆகிவிட்டது. ஒட்டி மூடுவது விஞ்ஞானத்தின் நிர்ப்பந்தமாம்; மெலிவும் அழகும் நீர்க்காப்பும் வேண்டுகிறவன் திறக்கும் உரிமையைத் தியாகம் செய்ய வேண்டுமாம். இது பொய், விற்பவன் சொன்னதை வாங்குகிறவனே தன் நியாயமாக வரித்துக்கொண்டு, கேளாதவர்க்கும் வலியச் சென்று உபதேசிக்கும் அளவுக்கு வேரோடிவிட்ட பொய்.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் சாம்சுங் நிறுவனம் கேலக்சி எஸ்5 என்னும் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றலாம். 2800 மில்லி ஆம்பியர்-மணிக் கொள்ளளவுடைய பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். அதற்குக் கருவியும் வேண்டியதில்லை, கடைக்காரரும் வேண்டியதில்லை. அதே கைப்பேசி ஐபி67 என்னும் தரத்தையும் பெற்றிருந்தது. அதாவது, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் ஓடிய மெல்லிய ரப்பர் விளிம்பு அங்கே பேட்டரியைக் காத்து நின்றது, பசை அன்று.

அடுத்த ஆண்டு வந்த எஸ்6, பேட்டரியை உள்ளே அடைத்துப் பின்புறத்தைக் கண்ணாடியால் ஒட்டி மூடிக்கொண்டது. தண்ணீருக்கு அஞ்சியா அப்படிச் செய்தார்கள்? எஸ்6க்கு நீர்க்காப்புத் தரமே அளிக்கப்படவில்லை. பேட்டரியின் கொள்ளளவும் 2550 ஆகக் குறைந்தது; நினைவக அட்டை செருகும் இடமும் மறைந்தது. திறக்கத்தக்க கைப்பேசிக்கு நீர்க்காப்பு இருந்தது, ஒட்டி மூடிய கைப்பேசிக்கு அது இல்லை என்னும் இந்தப் பிரத்தியட்ச சாட்சியம், ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு படைப்புகளில் கிடக்கும்போது, தண்ணீரைக் காட்டி நம் வாயை அடைப்பவர்களுக்கு இன்னும் என்ன சமாதானம் மிச்சமிருக்கிறது?

மெலிவு என்பார்கள். எஸ்5இன் தடிமன் 8.1 மில்லிமீட்டர், எடை 145 கிராம். பத்தாண்டு கழித்து, 2024இல் அதே நிறுவனம் பெருவிலைக்கு விற்ற எஸ்24 அல்ட்ரா 8.6 மில்லிமீட்டர் தடிமனும் 230 கிராமுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. பெரிய திரை, சிறந்த கேமரா என்று அதற்குக் காரணம் சொல்லட்டும். மெலிவுக்காக மூடினோம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

லித்தியம் பேட்டரி ரசாயனப் பொருள். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகத் தேய்வது அதன் சுபாவம். 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காட்டுக் கொள்ளளவு எஞ்சும்படிதான் ஐபோன் 14 வரையிலான ஐபோன்களின் பேட்டரிகளை ஆப்பிள் நிறுவனமே வகுத்திருந்தது. எந்த உறுப்பு எல்லாவற்றிற்கும் முன்னே தளரும் என்று செய்தவனுக்கே திண்ணமாகத் தெரியுமோ, அந்த உறுப்பைக் கைக்கெட்டாத இடத்தில் பசையிட்டுப் புதைப்பதற்கு வடிவமைப்பு என்னும் கௌரவமான பெயர் எப்படிப் பொருந்தும்? 2017 டிசம்பரில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாமே மட்டுப்படுத்தியதை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. போன் கிழடாகிவிட்டதென்று நம்பிப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கையில் எஸ்5 போல் திறக்கும் மூடி ஒன்று இருந்திருந்தால், ஒரு நிமிஷத்தில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

ஒன்றை விட்டுக்கொடுத்தவனிடம் அடுத்ததைப் பறிப்பது எளிது. 2016இல் ஐபோன் 7 செவிப்பொறி செருகும் துளையை ஒழித்தது. மற்றவர்கள் வரிசையாகப் பின்பற்றினார்கள். அதற்கும் தண்ணீரையே காரணம் காட்டுவோர் உண்டு. எஸ்5இல் அந்தத் துளையும் இருந்தது, அதற்கு மூடிகூட இல்லை. 2020இல் ஐபோன் 12இன் பெட்டியிலிருந்து சார்ஜர் மறைந்தது; பூமியைக் காப்பதற்காம். பூமியின்மேல் அத்தனை கரிசனம் உள்ளவர்கள் முதலில் பசையை அல்லவா கைவிட வேண்டும்? விற்ற பொருளையே திரும்பப் பறித்ததும் உண்டு: 2009இல் அமேசான் நிறுவனம், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை, பதிப்புரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, அவர்களுடைய கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்து கேளாமலே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. வீட்டை விற்றவன் சமையலறைச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் நாம் ஊரைக் கூட்டுவோம். கைப்பேசியில் மட்டும் அதைச் சௌகரியம் என்கிறோம்.

புதிது வாங்கி நாம் வீசியெறியும் பழைய பொருள்கள் எங்கே போகின்றன என்று இந்த வட்டாரத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? 2019 மார்ச்சில், நம் பக்கத்துப் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவின் நச்சுக் காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது கைப்பேசிக் கழிவன்று. ஆயினும் ஒருவர் கைகழுவிய கழிவு இன்னொருவர் பிள்ளையின் மூச்சில் போய்ச் சேரும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். மின்னணுக் கழிவும் இந்நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளில் எஸ்.டபிள்யூ. 110 என்னும் எண்ணோடு அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. ஒரு பேட்டரி தேய்ந்ததற்காக முழுக் கைப்பேசியையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது முன்னேற்றமாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதிமுறை, 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரிகள், பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவையாக இருக்கவேண்டுமென்று கட்டளையிடுகிறது. விஞ்ஞானத்தின் நிர்ப்பந்தம் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வியாபாரத்தின் தந்திரம்தான் கட்டுப்படும். நம் நாட்டிலோ 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கும் என்னும் உத்தரவாதத்தை நமக்கு அளித்துவிட்டு, அந்தப் பொறுப்பை ஏற்கவில்லையென்று விற்குமுன் அறிவித்துவிட்டால் போதும் என்று தப்பிக்கும் வாசலையும் உடனே திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலை நாடாளுமன்றம் அடைக்க வேண்டும். அதுவரை, பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், பேட்டரியை யார் மாற்றுவார், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டு வரை என்று கடையிலே உரக்கக் கேளுங்கள். தண்ணீர் புகுந்துவிடும் என்று பதில் வந்தால், 2014இல் எப்படிப் புகாமல் இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாதவனிடம் வாங்காதீர்கள்.