வோல்டேஜ் மருந்தல்ல

ஓவர்கிளாக் செய்த கணினி தொங்கினால் உடனே வோல்டேஜை ஏற்றச் சொல்கிறார்கள் பலர். ஆபத்தான யோசனை. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், 1.25 வோல்ட்டை 1.40 ஆக்கினால் அதே வேகத்திலேயே சுமார் கால்பங்கு கூடுதல் சூடு.

முதலில் சிபியுவைப் பழைய வேகத்துக்கு இறக்கி, ரேமின் எக்ஸ்எம்பி வேக அமைப்பை மட்டும் வைத்து மெம்டெஸ்ட்86 ஓடவிடுங்கள். ரேம் செய்த பிழையைச் சிபியு தலையில் கட்டுவது அன்றாடம் நடக்கிறது.

ரேமில் பிழை இல்லையென்றாலும் எல்லாக் கோர்களுக்கும் வோல்டேஜை ஏற்றத் தேவையில்லை. ரைசன் 5000 சிபியுவைப் பாருங்கள். கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜை அளவுமீறிக் குறைத்த கணினி பிரைம்95-இன் முழுச்சுமையைத் தாங்கிவிடும்; சும்மா இருக்கையில் ரீஸ்டார்ட் ஆகும். ஒரே ஒரு கோர் உச்சவேகத்துக்குத் தாவும் கணத்தில் சறுக்குகிறது. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ வன்பொருள் பிழை 18-ஐத் திறந்தால், ஏபிஐசி எண்ணை வைத்து அந்தக் கோரைப் பிடித்துவிடலாம். அதை மட்டும் சில புள்ளிகள் தளர்த்தினால் போதும். மற்ற கோர்களை ஏன் வறுக்க வேண்டும்?