கடைசி தோசை யாருக்கு?

குட்டீஸ்... ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இரவு தோசை சுட்டால், கடைசி தோசையைச் சாப்பிடுவது யார்?

யோசித்துப் பாருங்கள். முதல் தோசை உங்களுக்கு வந்துவிடும். கல் சரியாகக் காயாமல் கொஞ்சம் பிய்ந்திருந்தாலும், பசியில் வாங்கிக் கொள்வீர்கள். இரண்டாவது, மூன்றாவது நல்ல முறுகலாக வரும். 'அம்மா... இன்னும் ஒண்ணு!' என்று இங்கிருந்தே குரல் கொடுப்பீர்கள். அப்புறம் அப்பாவுக்கு, அக்காவுக்கு, தாத்தாவுக்கு. எல்லாரும் கை கழுவி, 'டிவி' முன் உட்கார்ந்த பிறகு, மாவுப் பாத்திரத்தை வழித்து ஊற்றிய, வட்டமாகக்கூட வராத ஒரு தோசை மிஞ்சும். அதை அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போன சாம்பாரில் தொட்டுச் சாப்பிடுபவர் அம்மா. சில வீடுகளில் பாட்டி.

இதற்காகத் தோசை மீது கோபப்பட வேண்டாம். பாவம், அதன் குணம் அப்படி. கல்லில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேகும். சுடச்சுடத் தின்றால்தான் ருசி. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு நான்கு என்றால் 20 தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும், 40 நிமிடம் யாராவது ஒருவர் கல் முன் நின்றாக வேண்டும். பூரி, சப்பாத்தி, ஆம்லெட் எல்லாம் இதே கதைதான்.

அதனால், என் கட்சி இதுதான். வாரத்தில் ஒரு இரவு, வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஒரு பண்டம் இருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது நீங்கள். பெண் பிள்ளைகள் மட்டுமல்ல... ஆண் பிள்ளைகளும்தான்!

நான் சிபாரிசு செய்வது, பால் சாஸில் கோழிக்கறியும் பாஸ்தாவும் கலந்து, மேலே சீஸ் தூவி, மூடி வைத்துச் சுட்டு எடுக்கும் ஒரு பண்டம். மேல்நாட்டில் இதற்கு, 'கேசரோல்' என்று பெயர். நம் வீடுகளில் கேசரோல் என்றால் சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. அங்கே, அடுப்பில் வைத்துச் சுடும் பாத்திரத்துக்கும், அதில் வேகும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே அந்தப் பெயர். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் நேராக நடுக்கூடத்துக்கு வந்துவிடும். சமைத்தவரும் தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

'ஐயோ, பாஸ்தாவா... அது வெள்ளைக்காரன் சாப்பாடு!' என்று பாட்டி சொல்லலாம். நீங்கள் சமாதானம் சொல்வதற்குக் கொஞ்சம் சரக்கு தருகிறேன்.

மாவைப் பிசைந்து, ஓட்டை போட்ட அச்சில் அழுத்திப் பிழிவது நமக்குப் புதிதா? முறுக்கு அச்சு, இடியாப்ப உரல் எல்லாம் வேறென்ன? கோதுமையில் செய்து, பிழிந்து, காய வைத்தால் சேமியா. 'டூரம்' என்ற கெட்டியான கோதுமை ரவையில் செய்து, குழலாகவோ சங்காகவோ வெட்டினால் பாஸ்தா. இரண்டும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்! 2022 செப்டம்பர் 15ல், தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. அதன் உணவுப் பட்டியலிலேயே சேமியா உப்புமா இருக்கிறது. ஆக, பாதிப் பாஸ்தாவை நீங்கள் பள்ளியிலேயே சாப்பிட்டாயிற்று.

இன்னொரு கதையும் உண்டு. பாஸ்தாவைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டு போனவர் மார்க்கோபோலோ என்று சொல்வார்கள். அது கட்டுக்கதை. அவர் ஊர் திரும்பியது 1295ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154ல், அல் இத்ரீசி என்ற புவியியல் அறிஞர், சிசிலித் தீவில் மாவில் இழை இழையாகச் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பியதை எழுதி வைத்திருக்கிறார். மார்க்கோபோலோ நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர். அந்தப் பெருமை அவருக்குப் போதும்!

சரி, அடுத்த தடை. 'எங்க வீட்டுல அவன் இல்லையே...' என்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் இல்லைதான். ஆனால், கல்யாண வீட்டில் பிரியாணி தம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அண்டாவை மூடி, மூடியின் மேல் கங்கு அள்ளிக் கொட்டுவார்கள். கீழே தணல், மேலேயும் தணல். அவனும் இதையேதான் செய்கிறது. சாப்பாட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சூடான காற்று.

வீட்டில் இப்படிச் செய்யலாம். அடி கனமான, உயரமான பிரியாணிக் குண்டா ஒன்றை எடுங்கள். அடியில் இரண்டு டம்ளர் கல் உப்பைப் பரப்புங்கள். அதன்மேல் பாத்திரம் வைக்கும் வளையம். இறுக்கமாக மூடி, சிறு தீயில் 10 நிமிடம் காய விட்டால் அதுதான் உங்கள் அவன்! சிலர் இதற்குக் குக்கரைப் பயன்படுத்துவார்கள். தண்ணீர் இல்லாமல் குக்கரைக் காய வைப்பது எனக்குப் பிடிக்காது, குண்டாவே போதும்.

ஐந்து பேருக்குக் கால் கிலோ பாஸ்தா, 300 கிராம் எலும்பில்லாத கோழிக்கறி, அரை லிட்டர் பால், மூன்று மேஜைக் கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா. கூடவே வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், கேரட், மிளகுத் தூள், துருவிய சீஸ். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுப்பு பற்ற வைப்பது, கொதிக்கும் தண்ணீரை வடிப்பது, சூடான குண்டாவைத் திறப்பது... இந்த மூன்றையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்யட்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேரட் துருவுங்கள், சீஸ் தூவுங்கள், அதுவும் சமையல்தான்.

கறியைச் சின்னத் துண்டுகளாக்கி, வெங்காயம், பூண்டோடு வதக்கி முழுக்க வேக வைத்துவிடுங்கள். பெரிய துண்டைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே ரோஸ் நிறம் இருக்கவே கூடாது. பச்சைக் கறியைத் தொட்ட கை, கத்தி, பலகை மூன்றையும் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காட்டில் இறக்குங்கள். மிச்சக் கால் வேக்காடு குண்டாவுக்குள் நடக்கும்.

இனிதான் வெள்ளை சாஸ். இந்தப் பண்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. முதன்முறை நான் செய்தபோது, கொதிக்கிற பாலில் மைதாவை அப்படியே கொட்டினேன். பாலில் சுண்டைக்காய் மிதப்பதுபோல் கட்டி கட்டியாக நின்றது! கரண்டியால் நசுக்கிப் பார்த்தால், உள்ளே காய்ந்த மாவு. ஏன் அப்படி? சூடு பட்ட உடனே மாவுக் கட்டியின் வெளிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சி, பசையாகி, கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போவதில்லை. கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் பாட்டிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்கிறார். சாஸுக்கு அந்த வேலையை வெண்ணெய் செய்கிறது. உருகிய வெண்ணெயில் மைதாவைப் போட்டு, சிறு தீயில் பச்சை வாசனை போகக் கிளறினால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கொழுப்புப் படிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். கை நிற்கக் கூடாது. கரண்டியின் பின்பக்கத்தில் படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை. பாஸ்தா உறிஞ்சிக் கொள்ளும். மிளகுத் தூளைத் தாராளமாகப் போடுங்கள். மதுரைக்கார நாக்குக்கு வெறும் பாலும் வெண்ணெயும் சப்பென்றுதான் இருக்கும்.

எல்லாவற்றையும் கலந்து, நெய் தடவிய பாத்திரத்தில் கொட்டி, சீஸ் தூவிக் குண்டாவுக்குள் இறக்குங்கள். மூடிவிட்டு, சிறு தீயில் 20 நிமிடம். ஒரு குறை இருக்கிறது. குண்டாவில் அவனைப்போல் மேல்பக்கம் பொன்னிறமாக முறுகாது. கங்கு போட நம் வீட்டு மாடியில் இடமில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி: நான்கு ரஸ்க்கைப் பொடித்து, வெண்ணெயில் சிவக்க வறுத்து, கடைசியில் மேலே தூவிவிடுங்கள். மொறுமொறுப்பு வந்துவிடும். முறுகலின் ருசிக்குக் காரணமான வேதிவினையை 1912ல் விவரித்தவர் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து புதுப்புது மணங்களை உண்டாக்குகின்றன. தோசையின் ஓரத்தில் நடப்பதும் இதேதான்.

சைவ வீடுகளில் கோழிக்குப் பதில் காளான், பட்டாணி போடலாம். பாஸ்தா விலை அதிகம் என்றால் சேமியாவிலேயே செய்யுங்கள், நேரமும் குறையும். யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

'இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? கொத்து பரோட்டா பார்சல் வாங்கினால் அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடலாமே...' மதுரைப் பிள்ளைகள் கேட்பீர்கள், தெரியும். நியாயமான கேள்விதான். மதுரைக்காஞ்சியிலேயே இரவுக் கடைவீதி இருக்கிறது. அதற்கு, 'அல்லங்காடி' என்று பெயர். நள்ளிரவில் அடை, மோதகம் விற்பவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவதைப் புலவர் பார்த்து எழுதியிருக்கிறார். நம் ஊர் இன்று நேற்றா தூங்காமல் இருக்கிறது! மாதத்தில் ஒருநாள் பார்சல் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், பார்சலில் உங்கள் உழைப்பு எதுவும் இல்லை, அப்பாவின் பணம் மட்டும்தான் இருக்கிறது. கல்லின் முன் நிற்கும் ஆள் மாறுகிறார், அவ்வளவுதான். அந்தப் பரோட்டா மாஸ்டரும் கடை சாத்திய பிறகுதான் சாப்பிடுவார்.

'படிப்பு கெடும்' என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். மத்திய அரசு 2019ல் நாடு முழுக்க ஒரு கணக்கு எடுத்தது. வீட்டில் யார், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் செலவிடுகிறார் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள், அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். அதிலும், 100க்கு 26 ஆண்கள்தான் அந்த வேலையில் கை வைக்கவே செய்தார்கள். பெண்களில் 81 பேர். இந்தக் கணக்கில் 6 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் உண்டு. அதாவது, உங்களைப் போன்ற பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் இருந்தார்கள், தம்பிகளே! வாரத்தில் ஒன்றரை மணி நேரம் போனால் எந்தப் பரீட்சையும் கைவிட்டுப் போகாது. கிரிக்கெட் மேட்ச் பார்க்க அதைவிட அதிக நேரம் கொடுக்கிறோம்.

முதல் வாரம் சொதப்பும். சாஸ் கட்டி தட்டும், உப்பு கூடும். எங்கள் வீட்டில் பாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய், மதியம் மிஞ்சிய கோழிக் குழம்பை எடுத்து வந்து மேலே ஊற்றிக் கொண்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் எடுத்துத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது!

ஒரு எச்சரிக்கை. பாத்திரத்தை நடுவில் வைத்த பிறகும் அம்மா உட்கார மாட்டார். 'நீங்க சாப்பிடுங்க, எனக்கு அப்புறம்...' என்பார். தண்ணீர் எடுக்கப் போவார்; அப்பளம் பொரிக்கப் போவார். பல வருடப் பழக்கம், ஒரே நாளில் போகாது. அதனால், தண்ணீர்ச் செம்பு, தட்டு, கரண்டி, ஊறுகாய் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். முதல் தட்டை அவர் கையில் கொடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சீஸ் முறுகி ஒட்டியிருக்கும் இடம்தான் ரொம்ப ருசி. அதற்கு அக்காவும் தம்பியும் சண்டை போடுவீர்கள். அதை அம்மாவுக்குச் சுரண்டி வையுங்கள்.

பாத்திரம் யார் கழுவுவது என்று கேட்காதீர்கள். அடியில் பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊற விடுங்கள், சுலபமாக வந்துவிடும். உப்பைக் கொட்டிவிடாதீர்கள், ஆறியதும் ஒரு டப்பாவில் போட்டு, 'அவன் உப்பு' என்று எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும்.